ரிவர்ஸ் கியரின் கரகரப்பு: பழைய லாரி வைத்திருப்போருக்குச் சில விளக்கங்கள்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத்து நண்பர்கள், "இந்தத் தடவையும் கல்வெட்டுதானே?" என்று கேட்டார்கள். "இல்லை, லாரி" என்றேன். சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களில் வண்டியோடு தொடர்பில்லாத குடும்பம் குறைவு. அரிசி, பருப்பு, வெங்காயம், வாழையிலை, பாத்திரம் என்று எந்த வியாபாரமானாலும் களியக்காவிளையைத் தாண்டி ஒரு வண்டி வந்தால்தான் கடை திறக்கும். அந்த வண்டியைப் பற்றி நாற்பது ஆண்டுகளில் நான் கற்றதில் ஒரு சிறு பகுதியை இங்கே எழுதுகிறேன். நான் இஞ்சினியர் அல்லன், பருப்பு வியாபாரி. ஒர்க் ஷாப் வாசலில் காத்துக் கிடந்த நேரத்தில் கேட்டும் பார்த்தும், பிறகு புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டவை இவை.

சாலைத் தெருவும் ரிவர்ஸ் கியரும்

நம் சாலைக் கடைவீதி, திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது என்பர். அது மாட்டு வண்டிக்காகப் போட்ட தெரு. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் அந்த வீதியிலும், அதிலிருந்து பிரியும் முடுக்குகளிலும் ஒரு லாரி திரும்ப இடம் கிடையாது. முன்னால் போன வண்டி பின்னால்தான் வரவேண்டும். சுமட்டுத் தொழிலாளி ஒருவர் பின்னால் நின்று, மலையாளத்தில் "போரட்டே, போரட்டே" என்று கை காட்ட, டிரைவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக எடுப்பார். விருதுநகரிலிருந்து இங்கு வரும் வரை ஓரிரு தடவைகூடத் தேவைப்படாத ரிவர்ஸ் கியர், இந்த ஒரு தெருவில் இருபது தடவை தேவைப்படும். ஆகவே ரிவர்ஸ் கியரில் கோளாறு உள்ள வண்டி, தன் கோளாறைச் சாலையில்தான் ஊரறியச் சொல்லும். "கர்ர்ர்..." என்று இரும்பை இரும்பு கடிக்கும் அந்தச் சத்தம் கேட்காத கடைக்காரர் இங்கே இல்லை.

என் கதை

1994இல் பழைய ஆறு சக்கர லாரி ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். குற்றம் வண்டியுடையது அல்ல என்பதைப் பின்னால் சொல்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்து டிரைவர் ஒருவர் நான்கு ஆண்டுகள் அதை ஓட்டினார். 1998 ஓணச் சமயத்தில் வண்டி ரிவர்ஸ் விழ மறுத்தது. போட்டால் கரகரவென்று அரைக்கும். சில நேரம் விழாமலே நிற்கும். பின்னால் ஆட்டோக்கள் வரிசை கட்டும்.

எங்கள் வீட்டில் பொழுது சாயுமுன் உண்டுவிடும் வழக்கம். சாயங்கால லோடு வந்தால் எனக்கு ஒரே பரபரப்பு. "சீக்கிரம் பேக் எடுப்பா, சீக்கிரம்" என்று கீழே நின்று கத்துவேன். சத்தம் கேட்டதும், "வண்டிக்கு எமனா வந்து வாய்ச்சிருக்கியே" என்று பத்துப் பேர் முன்னால் ஏசிவிட்டேன்.

அவர் கீழே இறங்கி வந்து, "மொதலாளி, இது எனக்க குத்தம் இல்ல. கிளச்சு விட மாட்டேங்கு" என்றார்.

நான் கேட்கவில்லை. ஒர்க் ஷாப்பில் கியர் பெட்டியை இறக்கிப் பிரித்தார்கள். ரிவர்ஸ் பல் முனை தேய்ந்து மழுங்கியிருந்தது. "பாத்தியா, அடிச்சுப் போட்டே உடைச்சிருக்கே" என்று சொல்லி, செலவில் பாதியை அவர் சம்பளத்தில் பிடித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மாதக் கடைசியில் நின்றுவிட்டார். புதுப் பல் போட்டு இரண்டு மாதம் ஆகவில்லை. வேறு டிரைவர், அதே சத்தம்.

அந்தச் சத்தத்திற்குக் காரணம் என்ன என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் பெட்டிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு

கரும்புச்சாறு பிழியும் மெஷினை எல்லோரும் பார்த்திருப்போம். பக்கவாட்டில் இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகத்தான் சுற்றும். பல்லோடு பல் சேரும் ஒவ்வொரு இடத்திலும் சுற்றும் திசை மாறும் என்பது விதி.

லாரியின் கியர் பெட்டியில் முக்கியமாக மூன்று தண்டுகள். இஞ்சினிலிருந்து கிளட்ச் வழியாக வருவது கிளட்ச் ஷாஃப்ட். கீழே கிடப்பது லே ஷாஃப்ட். சக்கரத்துக்குப் போவது மெயின் ஷாஃப்ட். முன்னோக்கிப் போகும் சாதாரண கியர்களில் கிளட்ச் ஷாஃப்டிலிருந்து லே ஷாஃப்டுக்கு ஒரு சந்திப்பு, அங்கிருந்து மெயின் ஷாஃப்டுக்கு இன்னொரு சந்திப்பு. திசை இரண்டு முறை மாறுவதால் பழைய திசையே திரும்பக் கிடைக்கிறது. நம் இலக்கணத்தில் இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்கிறோமே, அதேதான். "வராமல் இருக்கமாட்டான்" என்றால் வருவான் என்று பொருள்.

ரிவர்ஸில் நடுவே ஒரு மூன்றாம் பல்லைக் கொண்டுவந்து நுழைக்கிறார்கள். இதற்கு ஐட்லர் என்று பெயர். இப்போது சந்திப்பு மூன்று; எதிர்மறையும் மூன்று. வண்டி பின்னால் போகிறது. ரிவர்ஸ் கியர் என்பது இவ்வளவுதான்.

ஏன் ரிவர்ஸ் மட்டும் அரைக்கிறது?

வண்டி நின்றுகொண்டிருந்தாலும், இஞ்சின் ஓடி, கியர் நியூட்ரலில் இருந்து, கிளட்சை மிதிக்காமல் இருந்தால் கிளட்ச் ஷாஃப்டும் லே ஷாஃப்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். மெயின் ஷாஃப்ட் மட்டும் சக்கரத்தோடு அசையாமல் நிற்கும். கிளட்சை மிதித்தால் இஞ்சினின் பிடி விடுகிறது. ஆனால் தண்டுகள் அந்தக் கணமே நிற்பதில்லை. கரண்ட் போன பிறகும் மின்விசிறி சற்றுச் சுற்றுவதுபோல ஓரிரு விநாடி ஓடித்தான் நிற்கும்.

முன் கியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லாதிருக்க ஓர் உபாயம் உண்டு. சிங்க்ரோ ரிங் என்னும் பித்தளை வளையம், பற்கள் சேருமுன் இரு பக்க வேகத்தையும் உரசிச் சமன் செய்துவிடும். 1928இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் இது முதன்முதலாக வந்தது. ஆனால் பழைய லாரிகளில் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு இந்த வளையம் கிடையாது; பலவற்றில் முதல் கியருக்கும் கிடையாது. வண்டியை முழுக்க நிறுத்திய பிறகே ரிவர்ஸ் போடவேண்டும் என்பதால், அதற்கு எதற்கு வீண் செலவு என்று விட்டுவிட்டார்கள். இன்று வரும் சில வண்டிகளில் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ உண்டு. நம் பழைய வண்டிகளில் ஐட்லர் பல் நேராகப் போய்ச் சுற்றும் பல்லில் மோதும். சுற்றும் பல் நின்றிருந்தால் ஓசையின்றிச் சேரும்; நிற்காவிட்டால் அரைக்கும். ரிவர்ஸில் போகும்போது எழும் "ஊஊ" என்ற ஊளை வேறு. அந்தப் பற்கள் நேராக வெட்டப்பட்டவை என்பதால் வரும் இயல்பான ஓசை அது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆகவே ரிவர்ஸ் அரைத்தால் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "பல் கெட்டுவிட்டதா?" என்பதன்று. "சுற்ற வேண்டாத தண்டு ஏன் இன்னும் சுற்றுகிறது?" என்பதே.

கைச் செலவில்லாத நான்கு சோதனைகள்

இவற்றைச் சமதளத்தில் செய்யவேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை என்று பார்த்த பிறகே தொடங்கவேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.

முதலாவது: இஞ்சினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பல்லுக்கு நேரே பல் நின்றால் விழாது. அப்போது நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை ஒருமுறை விட்டு மிதித்து, மீண்டும் போடுங்கள். அப்படியும் விழவில்லையென்றால் இறங்கி, முட்டுக்கட்டையை எடுத்து வண்டியைச் சற்றே நகர்த்தி, மறுபடி முட்டுக்கொடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். இஞ்சின் நின்றிருக்கும்போதும் எப்போதும் முரண்டு பிடித்தால், கோளாறு கியர் லீவர் இணைப்பிலோ பெட்டிக்குள்ளோ இருக்கலாம். வழுக்கிக்கொண்டு விழுந்தால் சந்தேகம் கிளட்ச் பக்கம் போகிறது.

இரண்டாவது: இஞ்சின் மெதுவாக ஓடட்டும். கிளட்சை அடிவரை மிதித்து, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் வண்டியில் கோளாறில்லை, அவசரம்தான் கோளாறு. பத்து எண்ணிய பிறகும் அரைத்தால் கிளட்ச் முழுக்க விடவில்லை என்று பொருள்.

மூன்றாவது: மிதியைப் படபடவென்று மூன்று தடவை மிதித்துவிட்டு உடனே போட்டுப் பாருங்கள். இப்போது நன்றாக விழுந்தால், எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்சில் காற்றுப் புகுந்திருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது உள்ளே ரப்பர் கப் போயிருக்கலாம்.

நான்காவது: கிளட்சை மிதித்தபடியே முதலில் இரண்டாம் கியரையோ மூன்றாம் கியரையோ போட்டு எடுத்து, மிதியை விடாமல் ரிவர்ஸ் போடுங்கள். சிங்க்ரோ உள்ள முன் கியர், சுற்றும் தண்டைப் பிடித்து நிறுத்திவிடும். ரிவர்ஸ் அமைதியாக விழும். அனுபவமுள்ள டிரைவர்கள் எல்லோருக்கும் இந்தக் கைப்பழக்கம் உண்டு. அன்றாடம் கடைப்பிடிக்க நல்ல வழி. ஆனால் இது இல்லாமல் விழவே விழாது என்ற நிலை வந்தால் அது மருந்தல்ல, வலியை மறைக்கும் மாத்திரை.

கிளட்ச் ஏன் விடுவதில்லை?

செலவு குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாகச் சொல்கிறேன். பார்க்கும்போதும் இந்த வரிசையிலேயே பார்க்கவேண்டும்.

மிதியின் அடியில் பாருங்கள். சிரிக்கவேண்டாம். சூட்டுக்கும் தூசிக்கும் பயந்து நம் டிரைவர்கள் மடித்த சாக்கைக் கால் வைக்கும் இடத்தில் போட்டிருப்பார்கள். அது மிதிக்கு அடியில் சுருண்டால் மிதி கடைசி அங்குலம் இறங்காது. கிளட்ச் விடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி அங்குலத்தில்தான்.

அடுத்தது மிதியின் வெறும் ஆட்டம். மிதித்ததும் கொஞ்ச தூரம் வேலை செய்யாமல் இறங்கும் அளவு இது. வண்டியின் கையேட்டில் எவ்வளவு என்று போட்டிருக்கும். அதைவிடக் கூடினால் கிளட்ச் முழுக்க விடாது. அறவே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் தேயும், கிளட்ச் நழுவும். பல வண்டிகளில் இதைச் சரிசெய்ய ஒரு ஸ்பானர் போதும்.

மூன்றாவது, ஹைட்ராலிக் வண்டிகளில் சிறு டப்பாவில் உள்ள எண்ணெய். அதற்கென்று உள்ள ஃப்ளூயிட் தவிர வேறெதையும் ஊற்றக்கூடாது. பெரும்பாலான வண்டிகளில் பிரேக்குக்கு ஊற்றும் அதே ஃப்ளூயிட்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் இந்த ஊரில் அதைக் காலத்தில் மாற்றாவிட்டால் சிலிண்டருக்குள் துருப்பிடிக்கும். மாஸ்டர் சிலிண்டரிலும் கீழே உள்ள சிலேவ் சிலிண்டரிலும் கசிவு உள்ளதா என்று கையால் தடவிப் பார்க்கலாம்.

நான்காவது, பெட்டியை இறக்கினால்தான் தெரிபவை. கிளட்ச் பிளேட் வளைந்திருக்கலாம். பிளேட், ஷாஃப்டின் வரிப்பள்ளங்களில் துருவேறி நகராதிருக்கலாம். மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிரஷர் பிளேட்டின் விரல்கள் சம உயரத்தில் இல்லாதிருக்கலாம். ஃப்ளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங் வறண்டு இறுகினால், கிளட்ச் விட்ட பிறகும் அது தண்டைத் தன்னோடு இழுத்துச் சுற்றும்.

கிளட்ச் சரி, ஆனாலும் அரைக்கிறது என்றால்

இஞ்சின் ஐட்லிங் வேகம் அதிகமா என்று பாருங்கள். ஹேண்ட் திராட்டிலை இழுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. பிறகு லீவர் இணைப்புகளின் புஷ். லீவர் தொளதொளவென்று ஆடினால், மேலே முழுக்கத் தள்ளினாலும் உள்ளே பல் பாதிதான் சேரும். இஞ்சினையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்தாலும் இந்த அளவு மாறிவிடும்.

கியர் ஆயிலின் அளவும் இனமும் முக்கியம். டின்னில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று எழுதியிருக்கும். எண் பெரியதென்றால் உயர்ந்த சரக்கு என்று கடையில் தள்ளிவிடுவார்கள். அது சரியல்ல. ஜிஎல்-5 முக்கியமாக டிஃபரன்ஷியலுக்கானது. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சில பெட்டிகளின் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. கையேடு எதைச் சொல்கிறதோ அதையே ஊற்றவேண்டும். பழைய ஆயிலை இறக்கும்போது காந்த முனையுள்ள பிளக் இருந்தால் துடைத்துப் பாருங்கள். மை போன்ற நுண் பொடி இயல்பு. அரிசி நொய் அளவில் இரும்புத் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும்.

ரிவர்ஸ் போட்டபின் தானே கழன்று விழுந்தாலும் தாமதிக்கக் கூடாது. பல்முனை தேய்ந்தோ, ஃபோர்க் வளைந்தோ, பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்தோ இருக்கும். சரிவில் பின்னால் ஆள் நிற்கும்போது கியர் கழன்றால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

குற்றம் யாருடையது?

என் கதைக்கு வருகிறேன். இரண்டாம் முறையும் பெட்டியைப் பிரிக்கலாம் என்று ஒர்க் ஷாப்பில் சொன்னபோது, பயந்துபோய் நாகர்கோவிலில் ஒரு வயதான மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. என்னை டிரைவர் சீட்டில் ஏறி மிதிக்கச் சொன்னார். கீழே படுத்து, சிலேவ் சிலிண்டர் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். பிறகு எண்ணெய் டப்பாவைத் திறந்து விரலை விட்டு முகர்ந்தார்.

"இதுல இஞ்சின் ஆயில் ஊத்துனது யாரு?" என்று கேட்டார்.

நான்தான். ஒருநாள் டப்பாவில் எண்ணெய் குறைந்திருந்ததைக் கண்டு, கடையில் மிச்சமிருந்த இஞ்சின் ஆயிலை என் கையாலேயே ஊற்றினேன். எண்ணெய் எண்ணெய்தானே என்ற நினைப்பு. இஞ்சின் ஆயில் பட்டதும் அந்த ரப்பர் கப் ஊதிப் பருத்துவிடும் என்று எனக்குத் தெரியாது. ஊதிய கப் சிலிண்டருக்குள் இறுகியது. தண்டு நகரவேண்டிய தூரம் நகரவில்லை. கிளட்ச் முழுக்க விடவில்லை. விடாத கிளட்சோடு போட்டுப் போட்டு, பழைய பல் தேய்ந்தது. புதுப் பல்லும் தேயத் தொடங்கியிருந்தது. எல்லா ரப்பரையும் மாற்றி, குழாய்களைக் கழுவி, புது ஃப்ளூயிட் ஊற்றிக் காற்றெடுக்க ஆன செலவு, பெட்டியைப் பிரித்த செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒர்க் ஷாப்காரர்கள் பார்த்தது பொய்யல்ல. பல் தேய்ந்துதான் இருந்தது. ஆனால் அது நோயின் விளைவு. விளைவை மாற்றிவிட்டு நோயை உள்ளேயே விட்டுவிட்டோம். நோயின் பெயரையோ அந்த டிரைவர் முதல்நாளே சொல்லியிருந்தார்: "கிளச்சு விட மாட்டேங்கு." தினமும் பத்து மணிநேரம் அந்த மிதியில் கால் வைத்திருந்தவருக்குத் தெரிந்தது, கீழே நின்று கத்திய எனக்குத் தெரியவில்லை.

பிடித்த பணத்தை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டம் போனேன். அப்போது அவர் வேறொருவர் வண்டியில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். பணத்தை வாங்கிக்கொண்டார், எண்ணவில்லை. "இப்ப சத்தம் இல்லாம விழுதா மொதலாளி?" என்று மட்டும் கேட்டார். விழுகிறது என்றேன். திரும்ப வரச் சொன்னேன், வரவில்லை. அது நியாயம்தான்.

இன்று என் மகன் கடையைப் பார்க்கிறான். அந்த லாரி போய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன. கியரே மாற்றவேண்டாத வண்டிகளும் வந்துவிட்டன. ஆயினும் சாலையில் நின்று கேட்டால் பழைய வண்டிகளின் கரகரப்பு இன்னும் காதில் விழுகிறது. அந்தச் சத்தம் கேட்கும் முதலாளிமார்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். டிரைவரை ஏசுமுன் ஒருமுறை ஏறி அந்த மிதியை நீங்களே மிதித்துப் பாருங்கள். பெட்டியைப் பிரிக்குமுன் சாக்கையும் எண்ணெயையும் பாருங்கள். ஓட்டுகிறவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பின்னால் வண்டி எடுக்கும்போது யாரும், அது முதலாளியே ஆனாலும், "சீக்கிரம்" என்று சொல்லக்கூடாது.